ஏசி 24 டிகிரி காட்டுகிறது, உடம்பு மட்டும் பிசுபிசுக்கிறது: சைக்ரோமெட்ரிக் சார்ட்டை எப்படிப் படிப்பது?

நடுக்கூடம்

எங்கள் சின்ன அறைக்கு 2 டன் ஏசி மாட்டியிருக்கிறோம். இன்வெர்ட்டர் இல்லை, பழைய மாதிரி ஆன்-ஆஃப் வகை. போட்ட கொஞ்ச நேரத்திலேயே 24 டிகிரி வந்துவிடுகிறது, கம்ப்ரசரும் நின்றுவிடுகிறது. ஆனால் அறையில் ஒரு சுகமே இல்லை. தரை நசநசவென்று இருக்கிறது, அலமாரியில் உள்ள துணியில் ஒரு வாடை. டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்கி வைத்தேன், 24 டிகிரி, 72 சதவீதம் என்று காட்டுகிறது. இதற்கெல்லாம் சைக்ரோமெட்ரிக் சார்ட்டில், அதாவது காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் ஒரே தாளில் காட்டும் வரைபடத்தில் பதில் இருக்கிறது என்று எங்கோ படித்துத் தேடி எடுத்தேன். குறுக்கும் நெடுக்குமாக ஒரே கோடு. எந்தக் கோட்டில் தொடங்குவது என்று யாராவது சொல்லுங்கள்.

காயில்பக்கம்

செட் பாயின்ட்டை 20க்கு இறக்குங்கள். அதிக நேரம் ஓடும், ஈரம் தானாக இறங்கும். நான் போகிற இடமெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்.

வரைகோடு

20க்கு இறக்குவதற்கு முன் சார்ட்டைப் பார்த்துவிடலாம்.

ஏழெட்டு வகைக் கோடுகள் இருந்தாலும் ஆரம்பத்தில் இரண்டு அச்சு போதும். மற்றதையெல்லாம் இப்போதைக்குக் கண்டுகொள்ளாதீர்கள். கீழே இடமிருந்து வலமாக ஓடுவது ட்ரை பல்ப் வெப்பநிலை, சாதாரணத் தெர்மாமீட்டர் காட்டுவது. வலது ஓரத்தில் செங்குத்தாக நிற்பது ஈரப்பத விகிதம், ஒரு கிலோ உலர்ந்த காற்றோடு எத்தனை கிராம் நீராவி கலந்திருக்கிறது என்ற கணக்கு. இடது பக்கம் வளைந்து ஏறும் தடித்த கோடு நிறைவுக்கோடு. அதுதான் 100 சதவீத ஒப்பு ஈரப்பதம் (உங்கள் ஈரப்பதமானி காட்டும் சதவீதம் இதுதான்). அதற்கு மேல் நீராவி நிற்காது, நீராகப் பிரிந்துவிடும்.

அந்தக் கோடு ஏன் வளைகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 10 டிகிரியில் நிறைவு நிலை கிலோவுக்கு 7.7 கிராம். 20 டிகிரியில் 14.8. 30 டிகிரியில் 27.3. பத்து டிகிரிக்கு ஒருமுறை ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே 72 சதவீதம் என்று மட்டும் சொன்னால் காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரியாது. எந்த வெப்பநிலையில் 72 என்பதும் வேண்டும்.

உங்கள் புள்ளியை வைப்போம். கீழே 24ல் இருந்து நேராக மேலே போங்கள். 70 சதவீத வளைவைத் தாண்டிக் கொஞ்சம் மேலே நிறுத்துங்கள். அங்கிருந்து வலப்பக்கம் நேராகப் போனால் சுமார் 13.5 கிராம். அதே உயரத்தில் இடப்பக்கம் போனால் நிறைவுக்கோட்டை 18.7 டிகிரியில் தொடுவீர்கள். அதுதான் உங்கள் அறையின் டியூ பாயின்ட், அதாவது பனிநிலை. 18.7க்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பும் உங்கள் அறையில் வியர்க்கும்.

இப்போது நண்பர் சொன்னபடி 20க்கு இறக்குவோம். ஈரம் குறையாமல் வெப்பநிலை மட்டும் இறங்கினால் புள்ளி அதே 13.5 கிராம் உயரத்தில் இடப்பக்கம் நகரும். 20 டிகிரியில் அது 92 சதவீதம். அறை குளிரும், ஆனால் இன்னும் நசநசக்கும். சுவர் மூலையில் பூஞ்சை பிடிக்க அதுவே போதும்.

காயில்பக்கம்

ஈரம் குறையாமல் எப்படி இருக்கும்? காயில் குளிர்ந்தால் தண்ணீர் சொட்டத்தானே செய்யும்? டிரெயின் பைப்பில் தண்ணீர் வருகிறதா என்று முதலில் கேளுங்கள்.

நடுக்கூடம்

வருகிறது, ஆனால் ரொம்பக் கொஞ்சம். சில நேரம் சொட்டே இல்லை. ஃபேன் எப்போதும் ஹையில் இருக்கும், கம்ப்ரசர் நின்றாலும் ஃபேன் நிற்பதில்லை.

வரைகோடு

காயில்பக்கம் கேட்டதுதான் சரியான கேள்வி. நடுக்கூடத்தின் பதிலிலேயே காரணமும் இருக்கிறது.

கம்ப்ரசர் ஓட ஆரம்பித்ததும் முதலில் காயில், அதாவது உள்பெட்டியில் காற்றைக் குளிர்விக்கும் தகடு பொருத்திய குழாய்கள், பனிநிலைக்குக் கீழே குளிர வேண்டும். பிறகு தகடுகள் நனைய வேண்டும். தகடுகள் தாங்கும் அளவுக்கு மேல் நீர் சேர்ந்த பிறகுதான் தட்டில் விழுந்து பைப் வழியாக வெளியே போகும். அறைக்குத் தேவையானதைவிட ஏசி பெரியது என்றால் இந்தக் கட்டம் வருவதற்குள் தெர்மோஸ்டாட் திருப்தியாகி கம்ப்ரசரை நிறுத்திவிடும். நின்ற பிறகும் ஃபேன் ஓடுவதால் தகடுகளில் ஒட்டியிருக்கும் நீர் ஆவியாகி அறைக்கே திரும்பும். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. வெளியே இருந்து கசியும் ஈரக்காற்றும், ஆட்களின் மூச்சும் வியர்வையும் இதோடு சேரும்.

சார்ட்டில் இதைப் பார்த்தால்: இயந்திரம் ஓடும்போது புள்ளி இடப்பக்கம் கொஞ்சம் கீழிறங்கிப் போகிறது. நின்றதும் அந்த ஈரம் ஆவியாகிப் புள்ளியை மேலே தூக்குகிறது. நாள் முழுக்க இதே சுற்று. தெர்மோஸ்டாட்டுக்குக் கீழ் அச்சு மட்டும்தான் தெரியும். வலது அச்சு அதற்குக் கண்ணிலேயே படாது.

இரண்டாமாண்டு

மெக்கானிக்கல் படிக்கிறேன். குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஒப்பு ஈரப்பதம் காலையில் அதிகமாகவும் மதியம் குறைவாகவும் இருக்கிறதே, மதியம் ஈரம் எங்கே போகிறது?

வரைகோடு

எங்கேயும் போவதில்லை. காலை 25 டிகிரி, 90 சதவீதம் என்று வைத்துப் பாருங்கள்: கிலோவுக்கு 18.0 கிராம். மதியம் 35 டிகிரி, 50 சதவீதம்: 17.8 கிராம். சார்ட்டில் இரண்டு புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். காற்று சூடாகி வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சதவீதத்தைப் பார்த்துவிட்டு மதியக் காற்று உலர்ந்தது என்று ஜன்னலைத் திறப்பவர்கள் காலையில் இருந்த அதே தண்ணீரைத்தான் உள்ளே விடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், ஏசி வேலை செய்கிற எல்லோரும் சதவீதத்தில் பேசுவதை விட்டு கிராமிலோ பனிநிலையிலோ பேசப் பழக வேண்டும். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

ஈரத்துணி

அப்படியென்றால் வெட் பல்ப் எதற்கு? என் பழைய மேலாளர் எதற்கெடுத்தாலும் வெட் பல்ப்பைத்தான் கேட்பார்.

வரைகோடு

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நனைந்த திரி சுற்றிய தெர்மாமீட்டர் காற்றோட்டத்தில் காட்டும் வெப்பநிலைதான் வெட் பல்ப். வெட் பல்ப் கோடுகள் இடப்பக்க மேலிருந்து வலப்பக்கம் சரிந்து இறங்கும். காற்றின் மொத்த வெப்பமான என்தால்பி கோடுகளும் ஏறக்குறைய அதே சரிவில்தான் போகும். முழுக்க இணையாக இருக்காது, ஆனால் களத்தில் வேலை செய்ய அந்த நெருக்கம் போதும். அதனால் காயிலுக்கு உள்ளே போகும் காற்றின் வெட் பல்ப், வெளியே வரும் காற்றின் வெட் பல்ப் இரண்டையும் அளந்தால் ஒவ்வொரு கிலோ காற்றிலிருந்தும் இயந்திரம் எவ்வளவு வெப்பத்தை எடுத்தது என்று சொல்லிவிடலாம். ட்ரை பல்ப் வித்தியாசம் மட்டும் பார்த்தால் ஈரத்தை நீராக மாற்றச் செலவான பங்கு கணக்கில் வராது.

எண் போட்டுக் காட்டுகிறேன். காயிலுக்குள் போகும் காற்று 25 டிகிரி, 60 சதவீதம். ஈரம் 11.9 கிராம், என்தால்பி கிலோவுக்கு சுமார் 55.5 கிலோஜூல். வெளியே வருவது 14 டிகிரி, 90 சதவீதம். ஈரம் 9.0 கிராம், என்தால்பி 36.7. வித்தியாசம் 18.8 கிலோஜூல். இதில் வெப்பநிலையை இறக்கப் போனது 11.3 மட்டுமே. மீதி 7.5 முழுக்க நீராவியை நீராக்கியதற்கு. வெப்பநிலையை இறக்கப் போன வெப்பத்துக்கு உணர்வெப்பம் என்று பெயர், அதன் பங்கு 0.60. அதாவது இயந்திரத்தின் உழைப்பில் ஐந்தில் இரண்டு பங்கு தெர்மாமீட்டரில் தெரியவே தெரியாது.

மணிக்கு 600 கன மீட்டர் காற்று ஓடுகிறது என்றால் அந்தக் காற்றின் எடை ஏறக்குறைய 700 கிலோ. கிலோவுக்கு 2.9 கிராம் வீதம் மணிக்கு 2 லிட்டர் தண்ணீர் டிரெயினில் வர வேண்டும். குளிரூட்டும் திறன் 3.6 கிலோவாட், ஒரு டன்னுக்குச் சற்று மேல். ஒரு டன் என்பது 3.517 கிலோவாட்.

காயில்பக்கம்

இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. டிரெயின் பைப்புக்குக் கீழே ஒரு அளவு ஜாடி வைத்தாலே ஈரம் எவ்வளவு எடுபடுகிறது என்று தெரிந்துவிடும். இதற்குத் தனி மீட்டரே வேண்டாம்.

வரைகோடு

ஆமாம். ஆனால் இயந்திரம் ஓடி ஒரு சீரான நிலைக்கு வந்த பிறகு பிடியுங்கள். ஆரம்பத்தில் காயில் நனையும் நேரத்தைச் சேர்த்தால் அளவு குறைவாகக் காட்டும்.

இரண்டாமாண்டு

அந்த 25ல் இருந்து 14க்குப் போகும் கோட்டை எங்கள் புத்தகத்தில் நேராக நீட்டி நிறைவுக்கோட்டில் முட்டவைக்கிறார்கள். அந்தப் புள்ளிக்கு நிஜத்தில் அர்த்தம் உண்டா, இல்லை கணக்குக்கு மட்டும்தானா?

வரைகோடு

அர்த்தம் உண்டு, அதுவும் நடுக்கூடத்தின் பிரச்சினைக்கு நேரடியாக உண்டு. மேலே உள்ள எண்களை நீட்டிப் பாருங்கள், 11 டிகிரியில் முட்டும். அதற்கு அப்பரேட்டஸ் டியூ பாயின்ட் என்று பெயர். காயிலின் ஈரப்பரப்பு முழுவதும் சராசரியாக என்ன வெப்பநிலையில் இருப்பதுபோல் நடந்துகொள்கிறது என்பதை அது சொல்கிறது. எல்லாக் காற்றும் அந்தப் பரப்பை முழுதாகத் தொட்டிருந்தால் 11 டிகிரியில் நிறைந்து வெளியே வரும். 14ல் வருகிறது என்றால் ஒரு பங்கு காற்று தகடுகளுக்கிடையே தொடாமலே நழுவியிருக்கிறது என்று கொள்ளலாம். 14க்கும் 11க்கும் வித்தியாசம் 3, 25க்கும் 11க்கும் 14. மூன்றைப் பதினான்கால் வகுத்தால் 0.21. இதுதான் பைபாஸ் ஃபாக்டர். நிஜத்தில் காற்று போகும் பாதை இவ்வளவு நேராக இருக்காது, முதலில் கிடையாகக் குளிர்ந்து பிறகு வளைந்து இறங்கும். தொடக்கமும் முடிவும் தெரிந்தால் போதும் என்பதால் நேர்கோடு போடுகிறோம்.

இப்போது ஃபேன் வேகத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? அதிகக் காற்று அதே காயில் மேல் போகும், காயிலின் வெப்பநிலை ஏறும், கோடு முட்டும் புள்ளி நிறைவுக்கோட்டில் மேலே நகரும், கோட்டின் சரிவு படுத்துவிடும். குளிர்ச்சி வரும், ஈரம் எடுபடுவது குறையும். வேகத்தைக் குறைத்தால் நேர்மாறு. ரிமோட்டில் டிரை மோடு என்று இருப்பது பெரும்பாலும் இதைத்தான் செய்கிறது: ஃபேனை மெதுவாக்கி, காயிலை அதிகம் குளிரவைத்து, கோட்டைச் செங்குத்தாக்குகிறது.

நடுக்கூடத்துக்கு என் யோசனை: ஃபேனை லோவில் வையுங்கள். ஆட்டோ நிலையில் கம்ப்ரசரோடு ஃபேனும் நிற்கிற வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். டிரை மோடை மாலையில் முயன்று பாருங்கள். ஃபேனை ரொம்பக் குறைத்துக் காயிலில் பனிக்கட்டி பிடிக்க விடாதீர்கள். பிடித்தால் காற்றே போகாது.

நீர்க்குளிர்

இவ்வளவு சிரமம் எதற்கு? ஏர்கூலர் வைத்துக்கொள்ளலாம். தண்ணீரும் ஒரு ஃபேனும் போதும், மின்சாரமும் மிச்சம்.

ஈரத்துணி

அறை ஏற்கெனவே ஈரமாக இருப்பதுதானே அவர் குறையே?

வரைகோடு

ஏர்கூலரைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், அது நன்றாக வேலை செய்யும் இடங்கள் உண்டு. எங்கே என்பதை சார்ட்டே சொல்லும். ஏர்கூலரில் காற்று வெட் பல்ப் கோட்டின் மேலேயே இடப்பக்கம் ஏறுகிறது. வெப்பம் வெளியே போவதில்லை. வெப்பநிலையாக இருந்தது நீராவியாக மாறுகிறது.

வெளியே 40 டிகிரி, 20 சதவீதம் என்றால் வெட் பல்ப் 22. இடைவெளி 18 டிகிரி. நல்ல பேடு (காற்று ஊடுருவும் நனைந்த திண்டு) அதில் 80 சதவீதத்தைப் பிடித்தால் 25.6 டிகிரிக் காற்று கிடைக்கும். அருமையான காற்று. அதே பேடு, வெளியே 35 டிகிரி, 70 சதவீதம் என்றால் வெட் பல்ப் 30. இடைவெளியே 5 டிகிரிதான். கிடைப்பது 31 டிகிரியில் 90 சதவீதத்தைத் தாண்டிய காற்று. அதில் உட்கார முடியாது. நடுக்கூடத்தின் அறையில் வைத்தால் 24 டிகிரி, 72 சதவீதத்துக்கு வெட் பல்ப் 20க்கு மேல். இறங்க இடமே இல்லை.

நீர்க்குளிர்

சரி, ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்னது உலர்ந்த ஊர்க் கணக்கு.

காயில்பக்கம்

இன்னொன்றும் கேட்கணும். அந்த டிஜிட்டல் மீட்டரை நம்பலாமா? 72 என்று காட்டுவது உண்மையில் 65 ஆக இருந்தால் இத்தனை கணக்கும் வீண்தானே?

ஈரத்துணி

இதற்கு எளிய சோதனை உண்டு. சின்ன மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் சில துளி தண்ணீர் விடுங்கள். மீட்டரையும் அந்த மூடியையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடி, ஒரு இரவு விடுங்கள். உப்பு முழுக்கக் கரையாமல் இருக்க வேண்டும், மீட்டர் மேல் தண்ணீர் படக் கூடாது. உள்ளே காற்று 75 சதவீதத்தில் வந்து நிற்கும். மீட்டர் 80 காட்டினால் அந்தப் பகுதியில் 5 கழித்துக்கொள்ளுங்கள்.

வெட் பல்ப் அளப்பவர்களுக்கும் ஒன்று: திரி சுத்தமாக, முழுக்க நனைந்து இருக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீர் நல்லது. காற்று வேகமும் வேண்டும், நொடிக்கு 3 முதல் 5 மீட்டர். சுழற்றாமல் சும்மா தொங்கவிட்டால் வெப்பநிலை முழுக்க இறங்காது, காற்றில் இருப்பதைவிட அதிக ஈரம் இருப்பதாகக் காட்டிவிடும்.

இரண்டாமாண்டு

இந்த சார்ட்டை யார் முதலில் போட்டது? ஒரு ஐரோப்பியப் புத்தகத்தில் பார்த்தேன், எல்லாமே திரும்பிக் கிடக்கிறது. நிறைவுக்கோடு கீழே போய்விட்டது.

வரைகோடு

நீங்கள் பார்த்தது ரிச்சர்ட் மோலியரின் வரைபடம், 1923ல் அவர் முன்வைத்த முறை. அதில் ஈரப்பதம் கிடையாகவும் வெப்பம் செங்குத்தாகவும் இருக்கும். நாம் பேசிக்கொண்டிருப்பது வில்லிஸ் கேரியர் வழி வந்தது. 1902ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்தில் ஈரம் மாறும்போதெல்லாம் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. அதைத் தீர்க்கப் போனவர் அவர். 1911ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் தன் ஈரக்காற்றுச் சூத்திரங்களை வாசித்தார். மனிதர்களுக்குக் குளிர் கொடுக்க அல்ல, ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான் அவருடைய அந்த முதல் வேலை. இன்று விற்கிற பல பெட்டிகளில் ஈரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இரண்டு வரைபடத்திலும் தகவல் ஒன்றுதான். கண்ணாடியில் காட்டி, கால் சுற்றுத் திருப்பினால் ஒன்று மற்றதுபோல் ஆகிவிடும்.

நடுக்கூடம்

ஃபேனை லோவில் வைத்தேன். ஆட்டோவில் கம்ப்ரசரோடு ஃபேனும் நிற்கிறது. டிரெயினில் இப்போது ஒழுங்காகச் சொட்டுகிறது. உப்புச் சோதனையில் மீட்டர் 76 காட்டியது, பரவாயில்லை. அறை 24 டிகிரி, 61 சதவீதம். சார்ட்டில் பார்த்தால் 11.4 கிராம் வருகிறது. சரிதானா? இதற்கு ஏதாவது வரம்பு உண்டா?

வரைகோடு

சரியாகப் படித்திருக்கிறீர்கள். மீட்டரின் ஒரு சதவீதத்தைக் கழித்தால் 11.2. அஷ்ரே என்ற அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கத்தின் 55ஆம் தரம் அறைச் சுகத்துக்கானது, அதன் 2004 பதிப்பு ஈரத்துக்கு வைத்த மேல்வரம்பு கிலோவுக்கு 12 கிராம். பனிநிலையில் சொன்னால் 16.8 டிகிரி. 24 டிகிரியில் அது 64 சதவீதம். நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள். முதலில் இருந்த 13.5 வரம்புக்கு வெளியே.

2 டன் பெட்டி அந்த அறைக்குப் பெரியது என்பது மட்டும் மாறாது. அடுத்த முறை வாங்கும்போது பெரியதாக இருந்தால் நல்லது என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

நடுக்கூடம்

மிக்க நன்றி. அப்புறம், புதிய காற்று வேண்டும் என்று ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைக்கலாமா?

வரைகோடு

அளவோடு வேண்டும், அதன் விலையையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு காற்று கலந்தால், கலவையின் புள்ளி இரண்டையும் சேர்க்கும் நேர்கோட்டில் விழும். வெளியே 35 டிகிரி, 50 சதவீதம், உள்ளே 25 டிகிரி, 50 சதவீதம் என்று வைப்போம். கால் பங்கு வெளிக்காற்று கலந்தால் அறைப் புள்ளியிலிருந்து கோட்டில் கால் தூரம்: 27.5 டிகிரி, 11.9 கிராம். எது அதிகமோ அதன் பக்கம்தான் புள்ளி நெருங்கி நிற்கும். இதைத் தேர்வில் மாற்றிப் போடுபவர்கள் நிறைய.

உள்காற்றின் என்தால்பி 50, வெளிக்காற்றின் என்தால்பி 81. உள்ளே வரும் ஒவ்வொரு கிலோவுக்கும் 30 கிலோஜூலுக்கு மேல் கூடுதல் சுமை, அதில் பாதிக்கு மேல் ஈரத்தின் பங்கு. ஏசி ஓடாத நேரத்தில், வெளியே பனிநிலை தாழ்ந்திருக்கும்போது திறப்பது நல்லது.

இரண்டாமாண்டு

கடைசியாக ஒன்று. மலைப்பகுதியில் வேலை என்றால் இதே சார்ட்டைப் பயன்படுத்தலாமா?

வரைகோடு

கூடாது. சார்ட்டின் மூலையில் காற்றழுத்தம் அச்சிட்டிருக்கும், வழக்கமாக 101.325 கிலோபாஸ்கல், கடல் மட்டம். 1500 மீட்டரில் அழுத்தம் சுமார் 84.5. நீராவியின் நிறைவழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது மட்டுமே, ஆனால் அதோடு கலந்திருக்கும் உலர்ந்த காற்று குறைந்துவிடுகிறது. அதனால் 25 டிகிரி, 50 சதவீதம் என்பது கடல் மட்டத்தில் 9.9 கிராம், அங்கே 11.9 கிராம். ஃபேன் அதே கன மீட்டரைத் தள்ளினாலும் அதன் எடை குறைவு, ஆகவே அது சுமக்கும் வெப்பமும் குறைவு. அந்த உயரத்துக்கான சார்ட்டை எடுங்கள். சில நூறு மீட்டர் வரை சாதாரண வேலைக்குக் கடல் மட்ட சார்ட்டே போதும்.